அரசியல் நன்கொடை என்று 1,640 டாலர் எடுத்துவிட்டார்கள்: அமெரிக்காவில் வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற அப்பா அம்மா இருக்கிறவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். அரசியல் நன்கொடை என்ற பெயரில் என் கிரெடிட் கார்டிலிருந்து 1,640 டாலர் போயிருக்கிறது. அதில் நான் மனமறிந்து கொடுத்தது 60 டாலர். மீதி எல்லாம் என்னைக் கேட்காமல் எடுத்தது. திருப்பிக் கேட்டு அலைந்ததற்குக் கடைசிப் பதில் நேற்று வந்தது. "முடியாது" என்பதைத்தான் நாலு பத்தியில் நீட்டி, நன்றி சொல்லி முடித்திருக்கிறார்கள்.

எடுத்தவர்கள் நான் எதிர்த்து வாக்களித்தவர்கள் இல்லை. நான் குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து எந்தப் பக்கத்துக்கு வாக்களித்து வருகிறேனோ, அந்தப் பக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் எடுத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெயர் எழுதப் போவதில்லை. ஒருவர், வேட்பாளர்களுக்காகப் பணம் திரட்டுகிறோம் என்று சொல்லும் ஓர் அரசியல் குழு. இன்னொருவர், அந்தக் குழுவுக்காகக் கார்டில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் நன்கொடைத் தளம். இப்படிப் பிழைக்கிற குழுக்கள் ஏராளம். நான் ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் 1984-ல் மேற்படிப்புக்கு டெக்சஸ் வந்தவன். லைசன்ஸ், பர்மிட் காலத்து இந்தியாவில் வளர்ந்தவன். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த வீடு எங்களுடையது. தொலைபேசி இணைப்புக்கும் அப்படித்தான். அரசாங்கம் எதைக் கையில் எடுத்தாலும் அதற்கு ஒரு வரிசை, அந்த வரிசையைத் தாண்ட ஒரு கவர். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, 1981-ல் ஜனாதிபதியாகப் பதவியேற்ற அன்று குடியரசுக் கட்சியின் ரீகன் "இன்றைய நெருக்கடிக்கு அரசாங்கம் தீர்வு இல்லை, அரசாங்கமே பிரச்சினை" என்ற பொருளில் பேசியது மனதில் பதிந்ததில் ஆச்சரியம் இல்லை. வரி குறைவாக இருக்கட்டும், கடன் வாங்காமல் ஆட்சி நடக்கட்டும், சட்டப்படி வரிசையில் நின்று வருகிறவனுக்கு மரியாதை இருக்கட்டும். என் அரசியல் அவ்வளவுதான், இன்றைக்கும் அதுதான். என் பிள்ளைகள் இரண்டு பேரும் எனக்கு நேர் எதிராக வாக்களிக்கிறார்கள். அது அவர்கள் உரிமை.

இந்த வருடம் மார்ச்சில் முதலில் குறுஞ்செய்திகள் வந்தன. என் பெயரைச் சொல்லி, "உங்கள் உறுப்பினர் தகுதி இன்று நள்ளிரவோடு முடிகிறது" என்றன. நான் எதிலும் உறுப்பினர் இல்லை. அதையெல்லாம் அழித்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் மாலை ஒரு இளைஞன் கூப்பிட்டான். குரலில் அவ்வளவு பணிவு. வாக்கியத்துக்கு வாக்கியம் "சார்". முதலில் பணமே கேட்கவில்லை. நாட்டில் உங்களுக்கு எது கவலையாக இருக்கிறது என்று கேட்டான். தேசியக் கடன் என்றேன், எல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்களைப் போல முறைப்படி காத்திருந்து, சட்டப்படி வந்து, வரி கட்டி, இந்த நாட்டைக் கட்டியவர்கள் பேசினால்தான் வாஷிங்டன் கேட்கும்" என்றான்.

கிரீன் கார்டுக்காக நான் காத்திருந்த வருடங்களில் அப்பா ஊரில் இறந்துபோனார். விசா சிக்கலால் போய்ச் சேர முடியவில்லை. அந்தக் காத்திருப்பை ஒருவர் மதித்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. இந்த நாட்டில் நாற்பது வருடம் வாழ்ந்தவனிடம் எந்தச் சொல் வேலை செய்யும் என்று தெரிந்து எழுதி, அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். 60 டாலர் கொடுக்கிறேன் என்றேன். ஒரே ஒரு முறைதானே என்று கேட்டேன். "ஆமாம் சார், ஒரே முறை" என்று சொல்லிவிட்டு ஒரு இணைப்பை அனுப்பினான்.

அந்தப் பக்கத்தில் பெரிய சிவப்பு பட்டன். மேலே தேசியக் கொடி. இன்றைக்குள் கொடுத்தால் உங்கள் தொகை நான்கு மடங்காகும் என்ற வாசகம். அதற்கெல்லாம் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இரண்டு கட்டம். இரண்டிலும் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். முதல் கட்டம், இதே தொகையை வாராவாரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது. இரண்டாவது, ஜூன் கடைசியில் கூடுதலாக 200 டாலர் எடுத்துக்கொள்ளலாம் என்பது. நான் டிக் செய்யவில்லை. "ஒரே முறை" என்று வாயால் சொல்லிவிட்டு, கையில் கொடுத்த தாள் வேறு. கடைக்காரன் இப்படிச் செய்தால் அதற்கு நேரான ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது.

அந்த நான்கு மடங்கு கதையையும் சொல்லிவிடுகிறேன். 2025-26 தேர்தல் சுற்றில் ஒரு தனி ஆள் ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு 3,500 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அப்படி இருக்கும்போது, ஆயிரக்கணக்கான பேர் போடும் பணத்துக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு மடங்கு போடுகிறவர் யார்? அந்தக் கேள்விக்கு அவர்களிடம் இருந்து இன்று வரை பதில் இல்லை.

கண்டுபிடித்தது என் மனைவி. அந்தக் கார்டுக்கு ஆட்டோபே போட்டிருந்தோம். ஸ்டேட்மென்டில் குழுவின் பெயர் முழுதாக இல்லை. ஏதோ எழுத்துச் சுருக்கமும் ஒரு எண்ணும்தான். மருந்துக் கடையோ பெட்ரோல் பங்கோ என்று தோன்றும். ஆகஸ்டில் அவள் வரி வரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, வாரம் தவறாமல் 60 போகிறது?" என்று கேட்டாள். 1,640 டாலர். எங்கள் இரண்டு பேருக்குமான பல் வைத்தியத்துக்கு என்று நாங்கள் ஒதுக்கி வைத்தது ஏறக்குறைய அதே தொகை.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். குழுவுக்கு அழைத்தால், "பணத்தை வாங்கியது தளம், அவர்களிடம் கேளுங்கள்" என்றார்கள். தளத்தில் பேசுவதற்கு மனிதரே இல்லை. ஒரு சாட் பெட்டி. அது "நன்கொடை பற்றிய முடிவு குழுவுடையது" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் தேசப்பற்றுக்கு நன்றி என்று பதில் வந்தது. அதே மின்னஞ்சலின் அடியில் இன்னொரு நன்கொடை பட்டன்! விடாமல் எழுதியதில் வாராந்திரப் பிடித்தம் நின்றது. கடைசியாகப் பேசிய பெண் மேலாளரிடம் கேட்பதாகச் சொன்னாள். மேலாளரின் பதில்தான் நேற்று வந்தது. நான் "ஒப்புதல் தந்துதான்" கொடுத்தேனாம். 1,640-ல் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை.

வங்கியிலும் கேட்டேன். வணிகரிடம் உங்கள் ஒப்புதல் பதிவாகியிருக்கிறது என்றார்கள். தவிர, கிரெடிட் கார்டில் தவறான பிடித்தம் இருந்தால் ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்பது 1974-ம் வருடச் சட்டம். வசந்த காலத்துப் பிடித்தங்கள் எல்லாம் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன. எங்கள் தொகுதியின் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினரின் அலுவலகத்துக்கும் எழுதினேன். தேர்தல் நிதி விஷயத்தில் அலுவலகம் தலையிட முடியாது, விதி அப்படி என்று பதில். விதி அப்படித்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் விதியை எழுதுகிறவர்கள் யார்?

இங்கேதான் என் கோபம் அந்த ஒரு குழுவைத் தாண்டிப் போகிறது. அழைக்காதீர்கள் என்று எண்ணைப் பதிவு செய்யும் தேசியப் பட்டியல் ஒன்று 2003 முதல் இருக்கிறது. என் எண் அதில் உண்டு. அரசியல் அழைப்புகளுக்கு அதில் விலக்கு! இணையத்தில் பொருள் விற்கிறவன் மாதாமாதம் பணம் எடுக்க வேண்டுமானால் தெளிவாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2010-ல் சட்டம் போட்டார்கள். அரசியல் நன்கொடைக்கு அப்படி ஒன்றைப் போடவில்லை. 2021 மே மாதம் மத்தியத் தேர்தல் ஆணையம், அதாவது எஃப்.இ.சி., முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்களைத் தடை செய்யுங்கள் என்று காங்கிரசுக்குப் பரிந்துரைத்தது. இரண்டு கட்சிகளின் நியமனங்களும் கலந்த ஆணையம் அது. பாதிக்குப் பாதி பிரிந்து நின்றே பழகியவர்கள் இதில் ஆறு பேரும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். அப்படியும் காங்கிரஸ் சட்டம் போடவில்லை. அந்தக் கட்டத்தால் வருகிற பணம் யார் பைக்குப் போகிறது என்று யோசித்தால் காரணம் புரியும். வேலியே பயிரை மேய்கிறது.

ஆணையத்திடம் முறையிடலாமே என்று நண்பர் சொன்னார். முறையீடு எழுத்தில் இருக்க வேண்டும், சத்தியம் செய்து நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். அதையும் செய்வேன். ஆனால் எந்த முடிவுக்கும் அங்கே குறைந்தது நான்கு ஆணையர்கள் வேண்டும். 2025 மே முதல் அந்த எண்ணிக்கையே இல்லாமல் போனது.

என் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். டெக்சஸில் கட்சிப் பதிவு கிடையாது. ஆனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலில் எந்தக் கட்சிச் சீட்டில் வாக்களித்தோம் என்பது பொதுப் பதிவு. ஒரு குழுவுக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தால் பெயர், ஊர், வேலை எல்லாம் எஃப்.இ.சி. தளத்தில் ஏறிவிடும். நன்கொடையாளர் பட்டியல்களை வாங்கி விற்பது பழைய தொழில். 1964-ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற கோல்ட்வாட்டருக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கையால் படியெடுத்துத் தன் அஞ்சல் வசூலைத் தொடங்கியவர் ரிச்சர்ட் விகுரி, இதே டெக்சஸில் ஹூஸ்டன் பக்கத்துக்காரர். அப்போது கடிதம் வந்தது. பிடிக்காவிட்டால் குப்பையில் போடலாம், காசோலையில் நாமே கையெழுத்துப் போட்டால்தான் பணம் போகும். இப்போது ஒரு முறை கார்டு எண் போய்விட்டால் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே எஃப்.இ.சி. தளத்தில் அந்தக் குழுவின் செலவுக் கணக்கைப் பார்த்தேன். பெரும்பகுதி அழைப்பு நிறுவனத்துக்கும் ஆலோசகர்களுக்கும் போயிருக்கிறது. எந்த வேட்பாளரையும் சென்று சேர்ந்தது சொற்பம். என்னிடம் கடனைப் பற்றியும் வீண் செலவைப் பற்றியும் பேசி வாங்கிய பணம்!

நான் நம்பிய பக்கத்தின் தலைவர்களையும் இதோடு சேர்த்துத்தான் சொல்கிறேன். 1988-ல் புதிய வரி கிடையாது, என் உதட்டைப் பாருங்கள் என்றார் மூத்த புஷ். 1990-ல் வரியைக் கூட்டினார். காங்கிரஸ் உறுப்பினர்களின் பதவிக்கால வரம்பை வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவோம் என்று 1994-ல் ஒப்பந்தமே எழுதிக் காட்டி வென்றார்கள். மறு வருடம் கீழவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை, அத்தோடு மறந்தும் போனார்கள். ஒபாமா மருத்துவச் சட்டத்தை நீக்குவோம் என்று ஏழு வருடம் பணம் கேட்டார்கள். வெள்ளை மாளிகையும் இரண்டு அவைகளும் கையில் இருந்த 2017 ஜூலையில் அது செனட்டில் விழுந்தது. ரீகன் பதவியேற்றபோது ஒரு லட்சம் கோடி டாலரைத் தொடாத தேசியக் கடன் இன்று 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும்தான் ஏற்றினார்கள். ஆனால் கடனைக் குறைப்பேன் என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் இவர்கள். வாஷிங்டன் சரியானதைச் செய்யும் என்று நம்புகிறவர்கள் 1958-ல் நான்கில் மூன்று பேர். இப்போது ஐந்தில் ஒருவர் தேறுவதே கஷ்டம். இந்த மாதிரி ஆட்களால்தான் அந்த நிலை.

வாக்களிப்பதை நான் நிறுத்தப் போவதில்லை. என் கொள்கையும் மாறவில்லை. அதை ஒரு அழைப்பு நிறுவனத்தின் மூலதனமாக இனி விடமாட்டேன்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தொலைபேசியில் கேட்கிறவருக்கும், குறுஞ்செய்தியில் வரும் இணைப்பிலும் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமானால் வேட்பாளரின் பிரச்சார அலுவலக முகவரிக்குக் காசோலை அனுப்புங்கள். கட்சிப் பெயர் போல ஒலிக்கும் குழுக்களை எஃப்.இ.சி. தளத்தில் தேடி, பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். இப்படி ஏமாற்றும் அரசியல் குழுக்களைப் பற்றி எஃப்.பி.ஐ.யே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அரசியல் நன்கொடைக்கு வரி விலக்கு கிடையாது, யாராவது உண்டு என்றால் பொய். எச்1பி விசாவில் இருக்கும் பிள்ளைகள் அப்பாவுக்காகத் தங்கள் கார்டைக் கொடுக்கவே கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் கொடுப்பது சட்டவிரோதம், இன்னொருவர் பெயரில் கொடுப்பதும் அப்படியே.

அப்பா அம்மாவின் கார்டு ஸ்டேட்மென்டை இன்றைக்கே திறந்து, ஜனவரியிலிருந்து வரி வரியாகப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஒரே தொகை தெரிந்தால், 60 நாள் தாண்டும் முன் வங்கிக்குக் கடிதம் எழுதுங்கள், பதிவுத் தபாலில். தொலைபேசியில் சொல்லிவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். கார்டு எண்ணையும் மாற்றிவிடுங்கள்.