யார் திருத்துகிறார்கள்? இணையவழி எம்.பி.ஏ. படிப்பில் இரண்டு ஆண்டுகள்

எங்கள் ஆலையில் கணக்குப் பிரிவில் என்னுடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், நான் படித்த பல்கலைக்கழகம் இந்த மாதம் கட்டணத்தைக் குறைத்திருப்பதாகக் கைபேசியில் காட்டி, "சேரலாமாண்ணா?" என்று கேட்டார். தேநீர் இடைவேளைக்குள் சொல்லி முடிக்கிற பதில் அன்று என்பதால் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்குத் தெரியும், அது போதும்.

நான் கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையில் கணக்காளர். 41 வயதில் சேர்ந்தேன். நான்கு பருவங்களும் முடிந்து, சென்ற வாரம் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் வந்தது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற படிப்பு, 2022 அறிவிப்பின்படி நேரடிப் பட்டத்துக்கு இணையானது. அதில் எனக்கு ஐயமில்லை. காணொளிகள் நன்றாகவே இருந்தன, செயலி மாதம் ஒருமுறை படுத்து எழுந்தது. வீட்டில் கேமரா முன் எழுதிய தேர்வுகளின்போது யாரும் உள்ளே வந்துவிடாமல் என் மகள் கதவுக்கு வெளியே காவல் இருந்தாள். இவற்றில் எனக்குக் குறையில்லை.

என் மனத்தாங்கல் முழுவதும் அகமதிப்பீட்டின், அதாவது பருவத்தின் இடையே எழுதி அனுப்பும் அசைன்மென்டுகளின், 30 மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைப்படி இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடு, அகமதிப்பீட்டுக்கு அதிக அளவாக 30. அந்த 30ஐ யார், எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின. காணொளியில் பாடம் எடுப்பவர் ஒருவர், ஞாயிறு நேரலை வகுப்புக்கு வருபவர் வேறொருவர், அசைன்மென்டைத் திருத்துபவர் நாம் முகமே காணாத மூன்றாமவர். மின்னஞ்சல் அனுப்பினால் பதில் தருபவரோ இம்மூவருமல்லாத நான்காமவர்.

நிதி மேலாண்மைப் பாடத்தில் நடப்பு மூலதனம் (அன்றாடச் செயல்பாட்டுக்கான பணம்) குறித்த அசைன்மென்டை உதாரணமாகச் சொல்கிறேன். நடப்பு விகிதம், அதாவது குறுகிய காலச் சொத்துகளுக்கும் குறுகிய காலக் கடன்களுக்கும் உள்ள விகிதம், 2:1 இருக்க வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. பருத்தி வரத்து இருக்கும் மாதங்களில் மொத்தமாகக் கொள்முதல் செய்து இருப்பு வைக்கும் ஆலையில், அந்த விகிதம் மார்ச் மாதத்தில் ஒரு மாதிரியும் செப்டம்பரில் வேறு மாதிரியும் இருக்கும். ஆலை அதே ஆலைதான். இதை இருபது ஆண்டுகளாக ஐந்தொகையில் பார்த்துவருபவன் என்ற முறையில், இருப்பு நாள்களை (சரக்கு எத்தனை நாள் கிடங்கில் இருக்கிறது என்பதை) கணக்கிட்டு, அட்டவணையுடன் ஆறு பக்கம் எழுதினேன். 10க்கு 5 வந்தது. கூடவே "நன்று. மேலும் விளக்கவும்." என்ற ஒற்றை வரி. மின்பாடத்தின் நான்கு பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டியதாகத் தாமே ஒப்புக்கொண்ட என் வகுப்புத் தோழி ஒருவருக்கு 9; அவருக்கும் "நன்று. மேலும் விளக்கவும்."தான். அவர் என்னைவிட அதிகமாகச் சிரித்தார்.

எந்த இடத்தை விளக்க வேண்டும் என்று கேட்டுப் புகார்ச்சீட்டு போட்டேன். பதினொரு நாள் கழித்து "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். மீண்டும் திறந்தேன், மீண்டும் மூடினார்கள். நான்காவது முறை, மறுமதிப்பீடு இறுதித் தேர்வுக்கு மட்டுமே பொருந்தும் என்று பதில் வந்தது. நான் மறுமதிப்பீடு கேட்கவே இல்லை, காரணம்தான் கேட்டேன்.

கடைசித் தேதிகளின் கதை தனி. அசைன்மென்ட் 20ஆம் தேதி என்பார்கள். ஜிஎஸ்டியில் 3பி என்னும் மாத வரிக் கணக்குத் தாக்கலுக்கும் அதே 20 என்பதை என்னைப் போன்றவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டதற்கு விதிப்படி இயலாது என்றார்கள். இரவு இரண்டு மணி வரை விழித்து முடித்து அனுப்பிய மறுநாள் காலை, எல்லோருக்கும் பத்து நாள் நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்தது. இது ஒருமுறை அன்று, மூன்று முறை நடந்தது.

இணையத்தில் படித்தாலே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. இதற்கு முன், ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல்லில் 12 வாரப் பாடம் ஒன்று படித்தேன். பன்னிரண்டு அசைன்மென்டில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. முன்னதில் குறைந்தது 10, பின்னதில் குறைந்தது 30 எடுத்தால்தான் சான்றிதழ். இவ்வளவும் சேரும் முன்பே தெரிந்தது. கடைசித் தேதி கழிந்ததும் விடைகளும் வெளிவந்துவிடும். ஆனால் அங்கே பெரும்பாலும் திருத்துவது இயந்திரம். மனிதர் திருத்தும் இடத்தில் இயந்திரத்தைவிடக் குறைவாகப் பேசினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நியாயமாக எழுத வேண்டுமென்றால், மூன்றாம் பருவத்தில் செயல்பாட்டு ஆய்வுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்த அம்மையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் வகுப்பில் நாற்பது பேர். ஐந்தாம் வாரம் நாங்கள் மூவர். அவர் ஒரு வாரமும் வகுப்பைச் சுருக்கவில்லை. அதைவிட, தம் பாடத்தின் அசைன்மென்டைத் தாமே திருத்துவதாக நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியிருந்தார். மூன்று கிடங்கிலிருந்து நான்கு சந்தைக்குக் குறைந்த செலவில் சரக்கு அனுப்பும் போக்குவரத்துக் கணக்கு ஒன்றை நான் போட்டு, தீர்வு சரியென்று அனுப்பிவிட்டேன். என் கையெழுத்துப் படியின்மேல் சிவப்பு மையில் வட்டமிட்டு, "நிரம்பிய கட்டங்கள் ஐந்துதானே? 3+4-1 எவ்வளவு?" என்று எழுதியிருந்தார். ஆறு. நிரம்பிய கட்டங்கள் அத்தனை இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்காமலே அடுத்த படிக்குப் போயிருக்கிறேன். அவரும் 10க்கு 6தான் போட்டார். அந்தத் தாளை அச்செடுத்து அலுவலக மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறேன். கேட்ட தம்பியும் அதைப் பார்த்திருக்கிறார். ஏதோ உயர்ந்த மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இத்தனைக்குப் பிறகும் என் பதில், சேர வேண்டாம் என்பதுதான். சென்ற வாரம் வந்த பட்டியலில் நிதி மேலாண்மைக்கு பி பிளஸ். இரண்டு மதிப்பெண் கூடியிருந்தால் ஏ. அந்த இரண்டும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும், ஏன் போயின என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. மூன்றாம் பருவத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டிருந்தால் நானே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை. கட்டணக் குறைப்பு மாதக் கடைசி வரை இருக்கிறதாம். அதற்குள் அவர் மனம் கேளாமல் சேருவதாக இருந்தால், விற்பனைப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைப்பவரிடம் கட்டணத்தைப் பற்றிப் பேசும் முன், அசைன்மென்டைத் திருத்துபவர் யார், காரணம் எழுதுவாரா என்று கேட்கட்டும். நான் நேற்று அழைத்துக் கேட்டுப் பார்த்தேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.