பைபாயின் எழுத்தா, பரோல் விளக்கா?

பிலிப்பைன்ஸ் அடையாளத்தை நாலைந்து கோடுகளில் டிஜிட்டலாக வரைய நினைப்பவர்கள் கடைசியில் பைபாயின் என்ற பழைய எழுத்து, பரோல் என்ற கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு, இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள்.

சின்ன அளவில்:
பரோல் – ஐந்து முனை நட்சத்திரம், சுற்றி வட்டம், கீழே இரண்டு குஞ்சம். குஞ்சத்தை விட்டுவிட்டால் அது வெறும் நட்சத்திரம், அதனால் வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.
பைபாயின் – வளைவுகள் அழகு, ஆனால் ஐகான் அளவில் குட்லிட் என்ற குறி மறைந்துபோகும். க, ம போல 'அ' சேர்ந்த எழுத்தின் மேலே வைத்தால் அந்த 'அ' இ அல்லது எ ஆகும், கீழே வைத்தால் உ அல்லது ஒ. நம் புள்ளி போல உயிரை நீக்குவதில்லை, மாற்றுகிறது. அது போனால் சொல்லே மாறிவிடும்.

செலவு: இரண்டுக்கும் பெரிதாக இல்லை. பைபாயினுக்கு நோட்டோ எழுத்துரு இலவசம், பரோலுக்கு எந்த வெக்டார் மென்பொருளும் போதும்.

யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியம். பைபாயின் முதன்மையாகத் தகலாகு மக்களின் பழைய எழுத்து. மிண்டோரோ தீவின் ஹனுனுவோ மக்களுக்குத் தனி எழுத்து இன்றும் புழக்கத்தில் இருக்கும்போது இதை மட்டும் போட்டு 'முழு நாடு' என்பது நியாயமில்லை. பரோல் நாடெங்கும் தெரியும், ஆனால் அது கிறிஸ்துமஸ் விளக்கு, தெற்கே உள்ள மிண்டனாவோ தீவின் முஸ்லிம்களுக்கு அது சொந்தமாகத் தோன்றாது.

சரி, பெயர், லோகோ, பச்சை குத்தும் வடிவம் என்றால் பைபாயின், எழுத்து தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு. செப்டம்பரிலேயே அங்கே தொடங்கிவிடும் பண்டிகைக் காலத்துக்கான வாழ்த்து, ஸ்டிக்கர், வால்பேப்பர் என்றால் யோசிக்காமல் பரோல்.