வாய்ப்பாடா, வாக்கியமா, அட்டையா? ஸ்பானிஷ் வினைச்சொல் படிக்கும் மூன்று வழிகள்

ஆங்கிலம் மட்டுமே பழகியவர் ஸ்பானிஷில் முதலில் திணறுவது வினைச்சொல்லில்தான். ஆங்கிலத்தில் 'பேசு' என்பதற்கு நிகழ்காலத்தில் ஸ்பீக், ஸ்பீக்ஸ் என்று இரண்டே வடிவம். ஸ்பானிஷின் 'ஆப்லார்' நான், நீ, அவர், நாங்கள், நீங்கள் (பலர்), அவர்கள் என்று ஆறாகப் பிரியும்: ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான். தமிழ் தெரிந்தவருக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே வந்துவிடுகிறதே! ஆங்கிலக்காரருக்கு இன்னொரு பொறியும் உண்டு. அவர் மொழியில் கடைசி 'ஸ்' அவனையோ அவளையோ குறிக்கும். இங்கே அதே 'ஸ்' உன்னைக் குறிக்கிறது. 'ஆப்லாஸ்' என்று கேட்டதும் மனசு தானாக வேறு ஆளைத் தேடும்.

சரி, இதை எப்படிப் படிப்பது? பழைய வழி வாய்ப்பாடு. ஆர், ஏர், இர் என்று முடியும் மூன்று குடும்பங்கள், ஆளுக்கு ஆறு கட்டம், ஆக 18. பார்க்க மலைப்பாக இருந்தாலும், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுமை பாதியாகிவிடும். நிகழ்காலத்தில் ஏர், இர் இரண்டும் 'நாங்கள்', 'நீங்கள்' என்ற இரு இடங்களில் மட்டுமே பிரிகின்றன: 'சாப்பிடுகிறோம்' கொமேமோஸ், 'ஏறுகிறோம்' சுபீமோஸ். சாதாரண இறந்தகாலத்தில் அந்த வித்தியாசமும் இல்லை. எதிர்காலம் இன்னும் எளிது. மூன்று குடும்பத்துக்கும் ஒரே விகுதிகள்தான், வினையை வெட்டாமல் முழுச் சொல்லோடு அப்படியே ஒட்ட வேண்டும். 'ஆப்லாயிஸ்' இருக்கும் ஐந்தாவது கட்டம் பெரும்பாலும் ஸ்பெயினுக்கு மட்டும். லத்தீன் அமெரிக்காவில் 'நீங்கள்' என்பதற்கும் 'அவர்கள்' வடிவமே போதும்.

இதையெல்லாம் ஒரே பார்வையில் காட்ட வாய்ப்பாட்டை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அதை ஒப்பிப்பது வேறு விஷயம். வரிசையாக மனப்பாடம் செய்தவரிடம் 'அவர்கள் பேசுகிறார்கள்' எப்படி என்று கேட்டுப் பாருங்கள். உதடு அசையாமல் ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்று படியேறித்தான் 'ஆப்லான்'க்கு வந்து சேருவார். அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

வாக்கிய வழியில், அதிலும் கேள்வி பதிலாகப் பழகினால், இந்தப் படிக்கட்டே கிடையாது. 'ஆப்லாஸ் எஸ்பான்யோல்?' (ஸ்பானிஷ் பேசுவாயா?) என்று கேட்டால் 'சி, ஆப்லோ' (ஆமாம், பேசுவேன்) என்று திருப்ப வேண்டும். கேள்வியில் 'ஸ்' வந்தால் பதிலாக 'ஓ' திரும்பிப் போகிறது. உரையாடலில் பாதி இந்த ஒரு தாவல்தான். வாய்ப்பாடு எத்தனை முறை ஒப்பித்தாலும் அதைப் பழக்காது. இன்னொன்று, 'ஆப்லாமோஸ்' என்பது 'பேசுகிறோம்', 'பேசினோம்' இரண்டுமே. கட்டத்தில் பார்ப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். வாக்கியத்தில் 'அயேர்', அதாவது நேற்று, முன்னால் நின்றால் சந்தேகமே வராது. குறை என்னவென்றால், கேள்வி பதிலில் நானும் நீயுமே சுற்றிச் சுற்றி வருவோம். 'அவர்கள்' வாரக்கணக்கில் தலைகாட்டாமல் போகலாம்.

மூன்றாவது வழி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதிய அட்டைகள், அல்லது அதையே திரையில் காட்டும் அங்கி (Anki) போன்ற செயலி. வரிசையைக் கலைத்துப் போடுவதும், தப்பு விட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதன் பலம். ஆனால் அட்டையில் 'ஆப்லார், அவர்கள், நிகழ்காலம்' என்று எழுதியிருந்தால் நீங்கள் பழகுவது இலக்கணப் பெயருக்குப் பதில் சொல்ல. தெருவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஒரு வாக்கியம் எழுதி வினையை மட்டும் காலியாக விடுவது மேல். ஒலி இல்லாத அட்டையில் இன்னொரு வம்பு: 'ஆப்லோ' முதல் அசையில் அழுந்தினால் 'பேசுகிறேன்', கடைசியில் அழுந்தினால் 'அவர் பேசினார்'. கண்ணுக்கு அது தலைமேல் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். காதுக்கு ஆளும் காலமும் சேர்ந்தே மாறிவிடுகின்றன.

என் ஓட்டு வாக்கியத்துக்கு. வாய்ப்பாட்டை ஒரு நாள் உட்கார்ந்து, எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டு மூடி வையுங்கள். அப்புறம் ஆர் குடும்பத்தில் நாலைந்து வினைகளை எடுத்துக் கேள்வி பதில். பெரிய குடும்பம் அதுதான். இணைய அரட்டைக்கான 'சாத்தேயார்' போன்ற புது வினைகளும் அங்கேதான் வந்து சேருகின்றன. அட்டை, விடாமல் சறுக்கும் வடிவங்களுக்கு மட்டும் போதும்.

தேர்வில் கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள் என்றால் கதை வேறு. அதற்குப் பேசாமல் வாய்ப்பாட்டையே மனப்பாடம் செய்துவிடுங்கள்.