கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்: வோல்டேஜை ஏற்றுவதா, கிளாக்கை இறக்குவதா?

பொங்கல் சமயத்தில் பிரைம்95 (புராசஸரைக் கசக்கிப் பிழிந்து சோதிக்கும் மென்பொருள்) இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழை காட்டாத கம்ப்யூட்டர், கத்திரி பிறந்த வாரமே கவிழ்ந்தது. புராசஸர் ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ். அதை ஓவர்கிளாக் செய்து, அதாவது கிளாக்கை (ஓடும் வேகத்தை) வழக்கத்தைவிடக் கூட்டி, ஆறு கோரையும் 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.30 வோல்ட்டில் கட்டி வைத்திருந்தேன். கல்யாண வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் படுக்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் லாகின் திரை நிற்கிறது; ராத்திரியே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

எங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இப்படி நடந்தால் முதல் சந்தேகம் கரன்ட் மேல்தான். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 (ஒழுங்காக அணையாமல் நின்றது) என்று இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கரன்ட் போனாலும் 41தான், புராசஸர் மயங்கினாலும் 41தான். ஆனால் அதன் பக்கத்திலேயே வன்பொருள் பிழையைக் குறிக்கும் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் 18 உட்கார்ந்திருந்தது: கேஷ் ஹையரார்க்கி எரர், அதாவது புராசஸருக்குள்ளேயே பிழை. கரன்ட் போய் இது வராது. ராம் மேல் பழி இருக்கக்கூடாது என்று ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி பிரைம்95 போட்டேன். இருபதே நிமிடத்தில் விழுந்தது. சரி, குற்றவாளி ஓவர்கிளாக்தான்.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் உடனே சொன்னான்: “மாமா, 1.35 குடுங்க, நின்னுடும்.”

நின்றது, உண்மைதான். ஆனால் வெப்பம் 95 டிகிரியைத் தொட்டது. இந்தச் சிப்புக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பே அவ்வளவுதான். கிளாக் மாறாவிட்டாலும், மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.30க்கும் 1.35க்கும் வித்தியாசம் நாலு சதவீதம் போலத் தெரியும். சூடு எட்டு சதவீதம் கூடும். சூடு கூடினால் அதே கிளாக்கில் நிற்க இன்னும் வோல்டேஜ் கேட்கும். ஜனவரியில் 24 டிகிரி இருந்த அறை இப்போது 36. ஹீட்சிங்க் அறைக்காற்றைவிடக் குளிராகாது, அதனால் அந்த 12 டிகிரி அப்படியே சிப்பின் தலையில் விடிகிறது: 78 இருந்தது 90 ஆனது. அதற்கு மேல் வோல்டேஜை ஏற்றுவது என் கணக்கில் தப்பு வைத்தியம்.

வோல்டேஜ் பக்கமே போகக்கூடாது என்று சொல்லவில்லை. பயாஸில் 1.30 வைத்தாலும் லோடு ஏறும்போது 1.24க்குச் சரிகிறது என்றால், அந்தச் சரிவை ஈடுகட்டும் லோட் லைன் கேலிப்ரேஷனை ஒரு படி மட்டும் கடுமையாக்கிப் பார்க்கலாம். சில மதர்போர்டில் படி 1 என்றால் மிகக் கடுமை, சில போர்டில் படி 1 என்றால் மிக மென்மை. மேனுவலைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். கடைசிப் படி வரை போனால் லோடு விடும் நொடியில் வோல்டேஜ் துள்ளும்.

கிளாக்கை இறக்குவதைப் பலர் தோல்வி போலப் பார்க்கிறார்கள். 4.6இலிருந்து 4.5 என்பது இரண்டு சதவீதம். இரண்டு மணி நேர எக்ஸ்போர்ட்டுக்கு மூன்று நிமிடம்கூட அதிகமாகாது. நான் தூங்கிக்கொண்டிருக்கும் மூன்று நிமிடம்! கிளாக்கை இறக்கினதும் 1.25 வோல்ட்டிலேயே நின்றது.

கூலிங்? மூடியைக் கழற்றினால் ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி தூசி. ஊதிவிட்டுப் பேஸ்ட்டும் புதிதாகத் தடவியதில் நாலு டிகிரி இறங்கியது. அதிகம் செலவில்லாத வழி இதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஏசி போட்டால் பிரச்சினையே இல்லை. ராத்திரி பூராவும் கம்ப்யூட்டருக்காக ஏசி ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் நான் போய் நின்ற இடம் வேறு. கையால் கட்டிய ஓவர்கிளாக்குக்குத் தையும் சித்திரையும் ஒன்றுதான். பிபிஓவோடு (ஏஎம்டியின் தானியங்கி வேகக்கூட்டல்) கர்வ் ஆப்டிமைசர் (ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி) வைத்தால், சூடு ஏறும்போது சிப் தானே கொஞ்சம் இறங்கிக்கொள்ளும், குளிர்ந்தால் ஏறிக்கொள்ளும். ஒரு படி மைனஸ் என்றால் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். மைனஸ் 30 வரை போகலாம். எடுத்தவுடன் மைனஸ் 30 வைத்தேன். பிரைம்95, சினிபெஞ்ச் எல்லாம் தேறியது. அப்புறம் சும்மா பிரவுசர் திறந்திருந்தபோது ரீஸ்டார்ட் ஆனது! இந்த வழியின் வில்லங்கமே அதுதான்: ஒற்றைக் கோர் உச்சத்துக்குத் தாவும் லேசான வேலையில்தான் விழும். அதனால் கோர்சைக்கிளர் போல ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கருவி வேண்டும், அதற்கு ஒரு முழு இரவு போகும். எனக்குச் சிறந்த இரண்டு கோருக்கு மைனஸ் 5, மற்றதுக்கு மைனஸ் 15 செட் ஆனது. எல்லாக் கோரும் ஓடும்போது 4.6ஐவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. பிபிஓவும் ஓவர்கிளாக் கணக்கில்தான் வரும், வாரன்ட்டி பேசாது.

அக்கா மகன் இன்னும் 1.35தான் சரி என்கிறான். அவன் ஹாஸ்டல் அறையில் ஏசி இருக்கிறது.