வாய் தெரியும் முகக்கவசம்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

என் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் 65 டெசிபல் அளவுக்குக் குறைந்திருப்பதால், காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இருந்தும், எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு முழுதாகப் புரிகிறது. வேலூரில் ஒரு மருத்துவமனையில், முகக்கவசம் அணிந்த செவிலியர் "வெறும் வயித்துல போடுங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்த தைராய்டு மாத்திரையை, அம்மா பத்து நாள் இட்லி சாப்பிட்ட பிறகே போட்டுவந்தார். கேட்காத இடத்தில் "சரிம்மா" என்று தலையாட்டிவிடுவது காது மந்தமானவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம். திரும்பத் திரும்பக் கேட்பதற்கு அவர்களுக்குக் கூச்சம்.

அதன் பிறகுதான், நடுவில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு வைத்துத் தைத்த துணி முகக்கவசங்கள் நான்கை, ஒன்று 160 ரூபாய் வீதம், இணையத்தில் வாங்கினேன். இதைக் காது கேட்காதவர் அணிந்து பயனில்லை, அவரோடு பேசுகிறவர்தான் அணிய வேண்டும் என்பது வாங்கும்போது எனக்கே உறைக்கவில்லை. அம்மாவுக்குப் பொருந்தும் அளவில் ஒன்றும், எனக்கும் மனைவிக்கும் ஒவ்வொன்றும் போக, மீதமிருந்த ஒன்றை உறை பிரிக்காமல் அம்மாவின் பையில் வைத்திருக்கிறேன். மருத்துவரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ அதை நீட்டிக் கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளாஸ்டிக் தகடு சாதாரணத் துணியைவிட ஒலியை அதிகமாகத் தடுக்கிறது. ச, ஸ போன்ற உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தான் அதிகம் மங்குகின்றன. முதுமையில் காது முதலில் இழப்பதும் அவற்றைத்தான். ஆகவே காதுக்கு இது நஷ்டம், கண்ணுக்கு லாபம். கூடத்தில் ஆறடி தள்ளி நின்று சோதித்துப் பார்த்தேன். ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரி ஒட்டுவதால், "பாடு", "மாடு" என்று தனிச் சொற்களாகச் சொன்னபோது அம்மா குழம்பினார். "மாட்டுக்குத் தண்ணி வெச்சாச்சா?" என்று முழு வாக்கியமாகக் கேட்டதும் உடனே பதில் சொன்னார். அதையே மூடிய முகக்கவசத்தோடு கேட்டபோது "என்னப்பா?" என்றார். உரக்கக் கத்தத் தேவையில்லை; நிதானமாக, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேச வேண்டும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். டியூப்லைட் தகட்டில் பளபளத்தாலும் உதடு தெரியாது.

தகட்டில் மூச்சு படிவதுதான் பெரிய குறை. வேலூரின் கத்திரி வெயிலில், காற்றே மூச்சைப் போலச் சூடாக இருப்பதால், ஆவி படிவதில்லை. மாறாக வியர்வை தாடையில் வழிந்து அரிக்கிறது. மார்கழிக் காலையிலும் ஏசி அறையிலும் இரண்டே நிமிடத்தில் வெள்ளையாக மூடிக்கொள்கிறது. உள்பக்கத்தில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தேய்த்து, உலரவிட்டுத் துடைத்தால் சுமார் அரைமணி நேரம் தெளிவாக இருக்கிறது.

அம்மா அணியும் கவசத்தில் வேறொரு சிக்கல் வந்தது. காதில் மாட்டும் எலாஸ்டிக், கழற்றும்போது காதுக் கருவியையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. ஒருமுறை காட்பாடி ரயில் நிலையத்தில் கருவி கீழே விழுந்து, நடைமேடையில் குனிந்து தேடினோம். பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் அது. எலாஸ்டிக்கை வெட்டிவிட்டு, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் நாடா தைத்துத் தரும்படி தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு தொல்லையில்லை. கருவி அணிபவருக்கு வாங்குவதானால் நாடா வைத்ததையே கேளுங்கள்.

இது மருத்துவமனை நோய்த்தொற்று வார்டுக்கு உரியதன்று. காசநோயாளிகள் இருக்கும் இடத்தில் N95 எனும் கிருமி வடிகட்டும் கவசத்தை அணிய வேண்டிய ஊழியரிடம் இதை நீட்டக் கூடாது. அங்கே எழுதிக் காட்டச் சொல்வதே சரி. இந்தத் துணிக் கவசத்தைக் கையால் மட்டும் துவைக்க வேண்டும். சுடுநீர் பட்டால் தகடு நெளிந்துவிடும். இருபது முறை துவைத்ததில் என்னுடையதன் தையல் தகட்டின் ஓரத்தில் பிரியத் தொடங்கியிருக்கிறது. அடுத்ததைத் தகடு இன்னும் அகலமாக, கன்னமும் தெரியும்படி பார்த்து வாங்கப்போகிறேன்.