கோலாலம்பூர் புழுக்கத்தில் கேக்: தேனா, சீனியா?

வீட்டில் செய்யும் பெரும்பாலான கேக்குகளுக்கு நான் சீனியை விட்டுத் தேனுக்கு மாறிவிட்டேன். விலையை மட்டும் பார்த்தால் இந்த மாற்றத்துக்கு நியாயமே கிடையாது. மலேசியாவில் சீனி விலைக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். நல்ல தேன் வாங்க அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். உடல்நலக் காரணமும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. தேனிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் தேன் கேக்தானே என்று கூடுதலாக ஒரு துண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னை மாற்றியது, கேக் எத்தனை நாள் பதமாக இருக்கிறது என்பதுதான். செந்தூலில் எங்கள் வீட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு ஒரே நாளில் முடிவதில்லை. உறவினர் ஒரு நாள், அலுவலக நண்பர்கள் மறுநாள், அக்கம்பக்கத்தார் அதற்கும் பிறகு. ஏர்கோன் ஓடும் கூடத்தில் சீனி போட்ட வெண்ணெய்க் கேக் மறுநாளே ஓரம் காய்ந்து, கத்தி பட்டதும் தூளாக உதிர்கிறது. தேன் கேக்கை மூன்றாம் நாள் வெட்டினாலும் துண்டு உடையாமல் எழும்பி வருகிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் மெல்ல மேலெழுகிறது. இஞ்சியோ பேரீச்சம்பழமோ சேர்த்திருந்தால் இரண்டாம் நாள் அவற்றின் சுவை கேக்கில் இன்னும் நன்றாக ஊறியிருக்கும். முதல் நாளே வெட்ட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

கேக் காயாமல் இருப்பதற்குக் காரணம் தேனிலுள்ள பிரக்டோஸ் என்ற சர்க்கரை வகை. ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்குச் சீனியைவிட அதிகம்.

ஆனால் சீனியை எடுத்துவிட்டு அதே அளவு தேனை ஊற்றினால் கேக் வராது. ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன் போதும். தேனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் பாலில் மூன்று மேசைக்கரண்டி குறைத்துவிடுங்கள். தேன் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. கால் தேக்கரண்டி சமையல் சோடா அதைச் சரிக்கட்டும். சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் 180 டிகிரி கேட்கும் கேக்கை 165இல் வையுங்கள். அப்படியும் மேல்பக்கம் கருக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடிவிடலாம். கப்பில் முதலில் எண்ணெய் தடவிக்கொண்டால் தேன் ஒட்டாமல் வழுக்கி விழும்.

சீனிக்கென்றே சில இடங்கள் உண்டு. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சீனிப் படிகங்கள் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வேலையைத் தேன் செய்யாது. அதனால் தேன் கேக் சற்று அடர்த்தியாகவே இருக்கும். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் செய்யும் பாண்டான் சிஃபான் கேக்குக்குச் சீனிதான். மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய தீபாவளி பிஸ்கட்டுக்கும் அப்படியே. கேக்கைக் காப்பாற்றும் அதே ஈரம், நம் ஊர்க் காற்றில் பிஸ்கட்டை நமுத்துப்போக வைத்துவிடும். தேன் ஊற்றிச் செய்யும் கார்ன்ஃபிளேக்ஸ் பலகாரத்தைக்கூட ஆறிய உடனே காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால்தான் தப்பிக்கலாம்.

எந்தத் தேன் என்று கேட்டால், இஞ்சிக் கேக்குக்குத் துவாலாங் தேன்தான் என் தேர்வு. காட்டில் ஓங்கி வளரும் துவாலாங் மரங்களில் மலைத்தேனீக்கள் கட்டும் கூடுகளிலிருந்து எடுப்பது அது. கருத்த நிறம், அழுத்தமான வாசனை. மென்மையான வெண்ணிலா கேக்கில் ஊற்றினால் வெண்ணிலா இருந்த இடமே தெரியாது. கொட்டாத தேனீக்களின் கெலுலுட் தேனைக் கேக்கில் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. அது தண்ணீராகவும் புளிப்பாகவும் இருக்கும், விலையும் அதிகம். சூட்டில் வைத்து அதன் மணத்தை இழப்பதைவிட அப்படியே குடிப்பது நல்லது என்றே தோன்றுகிறது.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கேக்கை ஒரு துளிகூட ஊட்டாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் நுண்வித்துகள் கேக் வேகும் சூட்டில் சாவதில்லை. வீட்டுக்குக் கைக்குழந்தையோடு விருந்தினர் வருகிறார்கள் என்றால், தட்டை நீட்டும்போதே இது தேன் கேக் என்று சொல்லிவிடுங்கள்.