மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி: அசை பிரிக்கப் புள்ளியைப் பார்க்காதீர்கள்

நீளமான ஆங்கிலச் சொற்களைப் பழக, இலவசமாகக் கிடைப்பவற்றில் மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஒலிப்பதிவும் உண்டு. ஆனால் பலரும் அதில் தவறான இடத்தைப் பார்த்து அசை எண்ணுகிறார்கள்.

சொல்லுக்குக் கீழே இரண்டு வடிவங்கள் வரும். புள்ளி வைத்துப் பிரித்த முதல் வடிவம் எழுத்துக்கானது: அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே ஒடிக்கலாம் என்று காட்டுகிறது. வரியோரத்தில் ஓர் எழுத்தைத் தனியே விடுவதில்லை என்பதால் 'அபவுட்' ஒடிபடாமலே நிற்கும்; அதற்கு அசை இரண்டு. பக்கத்தில் இருக்கும் உச்சரிப்பு வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இணைப்புக்கோடுகளை எண்ணி ஒன்று கூட்டினால் அசைக் கணக்கு. (நம் யாப்பின் அசை வேறு. 'புலி' அங்கே ஒரே நிரையசை. இந்தக் கணக்கில் இரண்டு. உயிரொலிக்கு ஒன்று என்று கொள்ளுங்கள்.)

அடுத்து அழுத்தக்குறி. மேலே நிற்கும் குட்டிக்கோடு முதன்மை அழுத்தம், கீழே நிற்பது துணை அழுத்தம். இரண்டும் அந்த அசைக்கு முன்னால் வரும். 'ரெஸ்பான்சிபிலிட்டி'க்கு ஆறு அசை, முதன்மை அழுத்தம் நான்காவதான 'பி'யில். சொல்லிப் பழகும்போது கடைசியிலிருந்து கட்டுங்கள்: டி, லடி, பிலடி, சபிலடி... முன்னாலிருந்து தொடங்கினால் பாதியில் மூச்சும் அழுத்தமும் சிதறும்.

நமக்குத் தவறுவது பெரும்பாலும் அழுத்தம் விழாத அசைகளில்தான். அங்கே உயிரொலி மங்கிவிடும். அழுத்தக்குறி இல்லாத அசையில், தலைகீழாகத் திருப்பிய சின்ன ஆங்கில 'e' எழுத்து (ə) வந்தால் அதுதான் அடையாளம். நாம் எல்லா அசையையும் எழுத்தில் கண்டபடி முழுதாகச் சொல்கிறோம். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தும். 'ஃபோட்டோகிராஃபி'யில் அழுத்தம் இரண்டாவதற்குப் போய்விடுவதால் தொடக்கம் 'ஃப' என்றே ஒலிக்கும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. இக், ஷன், இட்டி என்று முடியும் சொற்களில் அழுத்தம் அந்த விகுதிக்கு முந்தைய அசையில் விழுவதே பெருவழக்கு. ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அகராதி இந்த விதியைச் சொல்வதில்லை; அது ஒரு குறைதான்.

அடைப்புக்குறிக்குள் வரும் ஒலியை விட்டும் சொல்லலாம். 'கம்ஃபர்டபிள்' மூன்று அசையாகவும் நான்காகவும் கொடுக்கப்பட்டிருக்கிறது, இரண்டும் சரி.

ஆங்கிலத்தில் 45 எழுத்துள்ள ஒரு நுரையீரல் நோயின் பெயரும் இந்த அகராதியில் இருக்கிறது. 19 அசை. உறுப்புகளாகப் பிரித்தால் பயம் போய்விடும்: நியூமோனோ (நுரையீரல்), அல்ட்ரா, மைக்ரோஸ்காபிக், சிலிகோ, வால்கேனோ (எரிமலை), கோனி (தூசி), ஓசிஸ் (நோய்நிலை).

இன்னொரு குறை, இங்குள்ள உச்சரிப்பு அமெரிக்க வழக்கு. குறியீடுகளும் இந்த அகராதியின் சொந்தம். பிரிட்டிஷ் உச்சரிப்பு வேண்டுவோர் கேம்பிரிட்ஜ் இணைய அகராதிக்குப் போகலாம். இரண்டு ஒலிப்பதிவும் அங்கே உண்டு. அங்கே உச்சரிப்பு வரிக்குள் வரும் புள்ளி அசையைத்தான் பிரிக்கிறது. 'ஃபோட்டோகிராஃபி'யின் நடுவிலுள்ள 'க்' ஒலியைக் கேம்பிரிட்ஜின் பிரிட்டிஷ் வடிவம் முந்தைய அசையிலும் மெரியம்-வெப்ஸ்டர் அடுத்த அசையிலும் வைக்கும். இந்தச் சொல்லில் அசையின் எண்ணிக்கையும் அழுத்தமும் இரண்டிலும் ஒன்றே என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.